பகுதி நேர வேலையும் முழு நேரக் குடும்பமும்



தில்லியின் மார்கழிக் குளிர் எப்படிப்பட்டது என்பதை இங்கு வாழும் தமிழர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காலை நாலே முக்கால் மணிக்கு எங்களுள் ஒருத்தி எழுந்து, கம்பளி சுற்றி வைத்திருக்கும் பாத்திரத்தின் மூடியை மெல்லத் திறந்து பார்க்கிறாள். முந்திய நாள் பிற்பகலில் அரைத்த இட்லி மாவு பொங்கியிருக்கிறதா என்பதே அவளுடைய நாளின் முதற் கேள்வி. ஊரில் ஒரே இரவில் பொங்கிவிடும் மாவு, இங்கே டிசம்பர், ஜனவரி மாதங்களில் பதினாறு மணி நேரம் ஆனாலும் அசையாமல் கிடக்கும். தன் வீட்டுக்கு மட்டும் என்றால் அன்றைக்கு உப்புமாவோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஏழு மணிக்குள் பக்கத்து வீடுகளுக்கு மாவு கொடுப்பதாக ஏற்றுக்கொண்டவள் என்ன செய்வாள்?

இத்தகைய பெண்ணைக் குறித்து அக்கம்பக்கத்தார் என்ன சொல்லுகிறார்கள் தெரியுமா? "வேலைக்கா போகிறாள்? வீட்டில் சும்மா இருந்தபடியே ஏதோ செய்துகொண்டிருக்கிறாள்" என்கிறார்கள். அவளைக் கேட்டாலும் அவளும் அதையே சொல்லுவாள். இந்தச் 'சும்மா' என்னும் சொல்லைப் பற்றித்தான் இன்று நாங்கள் பேச வந்திருக்கிறோம்.

நாங்கள் மூவர். யமுனைக்குக் கிழக்கே, மயூர் விஹாரில், ஒரே மாடிப்படியைச் சுற்றி அமைந்த வீடுகளில் குடியிருக்கிறோம். மூத்தவள் தஞ்சை மாவட்டத்தவள், நடுவள் சேலத்துக்காரி, இளையவள் தென்காசியில் பிறந்து, வணிகவியல் படித்துத் தேர்ந்து, மணமாகித் தில்லிக்கு வந்தவள். அவளுக்கு வயது 29. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. இந்தப் பேச்சை மூவரும் சேர்ந்தே எழுதினோம். ஒலிப்பது ஒரு குரலாயினும் சொல்லுவது மூவர் அனுபவமே. எனினும், எங்களுள் அதிகம் அலைக்கழிந்தவள் இளையவள் ஆதலால், அவள் சம்மதத்தோடு அவளுடைய நாளையே இங்கு எடுத்துக்கொள்ளுகிறோம்.

அவள் ஏன் முழு நேர வேலைக்குப் போகவில்லை என்று நேயர்கள் கேட்கலாம். முழு நேர வேலை என்றால் காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு இரவு ஏழு மணிக்குத் திரும்ப வேண்டும். குழந்தையின் பள்ளியோ பன்னிரண்டரை மணிக்கு முடிந்துவிடுகிறது. ஊராக இருந்தால் பாட்டி இருப்பாள், அத்தை இருப்பாள், எதிர்வீட்டுத் திண்ணையாவது இருக்கும். இங்கே கதவைப் பூட்டினால் பூட்டியதுதான். கணவர் ஒருவரின் சம்பளம் வீட்டு வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் சரியாய்ப் போய்விடுகிறது. ஆகவே கிடைத்த நேரத்தில் கிடைத்த வேலையைச் செய்வோம் என்று தொடங்கினாள். ஒன்று மூன்றாயிற்று.

முதலாவது, மாவு வியாபாரம். இரண்டாவது, மாலை நேரத்தில் ஐந்து பிள்ளைகளுக்குக் கணக்கும் தமிழும் சொல்லிக் கொடுப்பது. வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகள் இங்கே பலர் இருப்பதை நேயர்கள் அறிவார்கள். மூன்றாவது, ஒரு கடையில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் கணக்கு எழுதும் வேலை. காலையில் குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கடைக்கு ஓட வேண்டும். பள்ளி விடுமுன் திரும்பிவிட வேண்டும். வந்ததும் அரிசி களைந்து, உளுந்து ஊறவைத்து, குழந்தைக்குச் சோறூட்டி, அரைத்து முடிப்பதற்குள் மாலைப் பிள்ளைகள் வாயிலில் நிற்பார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் கடைக்காரர் கைப்பேசியில் அழைத்து, பற்றுச்சீட்டு ஒன்றைக் குறித்து விசாரிப்பார். அப்போது அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்.

இப்படி இரண்டாண்டு நடந்தது. வெளியார் பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஒரு ஜனவரி மாதம் 18-ஆம் தேதி குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. கணவர் அலுவல் காரணமாக ஜெய்ப்பூர் சென்றிருந்தார். ஜி.எஸ்.டி. மாதக் கணக்கை 20-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது வணிகர்கள் அறிந்ததே. ஆகவே கடைக்காரர் ஓயாமல் அழைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஒரு வீட்டுச் சடங்குக்கு அறுபது இட்லிக்கு மாவு கொடுப்பதாகவும் அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். குளிரில் அது பொங்கவே இல்லை. அன்றிரவு மூத்தவள் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டாள். நடுவள் தன் வீட்டு மாவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய் அறுபது இட்லியை வார்த்துக் கொடுத்தாள். கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் மருத்துவரிடம் துணைக்கு வந்தார். இளையவள் குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து விடியும்வரை கடைக் கணக்கை முடித்துக் கைப்பேசி வழியே அனுப்பினாள்.

கணக்கு உரிய நாளில் தாக்கலாயிற்று. ஆனால் அந்த வாரம் நான்கு நாள் அவள் கடைக்குப் போக முடியவில்லை. மாத முடிவில் 6,000 ரூபாய்க்குப் பதிலாக 3,500 ரூபாய்தான் கைக்கு வந்தது. "பகுதி நேர வேலைக்கு விடுப்பு ஏது?" என்பது கடைக்காரரின் பதில். இரவெல்லாம் விழித்து எழுதிய கணக்கு அவர் கணக்கில் வரவில்லை.

அன்று மாலை அவள் எங்களிடம் வந்து, "அக்கா, நான் எதில் தவறினேன்?" என்று கேட்டாள். அவள் கண்ணீர் விடவில்லை; அதுதான் எங்களுக்கு அதிக வருத்தம் தந்தது. மூத்தவள் சொன்னாள்: "நீ ஒன்றிலும் தவறவில்லை, அம்மா. ஆனால் நீ என்ன செய்கிறாய் என்பது உனக்கே தெரியவில்லை. ஒரு வாரம் எழுதிப் பார்." இவ்வாறு ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் எங்கள் வாழ்வில் நுழைந்தது. பிப்ரவரி முதல் வாரம் ஏழு நாளும், எழுந்தது முதல் படுத்தது வரை, எந்த வேலை எத்தனை நிமிடம் என்று அவள் குறித்தாள். எட்டாம் நாள் மூவரும் உட்கார்ந்து கூட்டினோம்.

கடை வேலை வாரத்துக்கு 12 மணி நேரம் என்பது ஒப்பந்தம். மாதத்தில் 48 மணிக்கு 6,000 ரூபாய். அதாவது மணிக்கு 125 ரூபாய் என்று அவள் எண்ணியிருந்தாள். ஆனால் போக வர நாள்தோறும் ஒரு மணி. இரவில் கைப்பேசி விசாரணை வாரத்தில் மூன்று மணி. ஆக, வாரத்துக்கு 21 மணி நேரம். மாதத்துக்கு 84 மணி. மணிக்கூலி 71 ரூபாய்தான்!

மாவுக் கணக்கைப் பார்த்தோம். வாரத்தில் கிலோ 80 ரூபாய் வீதம் 20 கிலோ மாவு விற்றாள். வரவு 1,600 ரூபாய். அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு, பை, மின்சாரம் எல்லாம் சேர்ந்து 680 ரூபாய். மிச்சம் 920. ஊறவைத்தல், அரைத்தல், கட்டுதல், மாடி ஏறி இறங்கிக் கொடுத்தல் எல்லாம் சேர்த்து 14 மணி நேரம். மணிக்கு ஏறத்தாழ 66 ரூபாய். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதோ வாரத்துக்கு ஏழரை மணி. மாதம் 4,000 ரூபாய். மணிக்கு 133 ரூபாய். மூன்று வேலைகளுள் அவள் "இது பொழுதுபோக்குக்காக" என்று அலட்சியமாய்ச் சொல்லிவந்த வேலையே அதிகம் தருவது என்பதை அன்றுதான் அறிந்தாள்.

மூன்று பகுதி நேர வேலைகளையும் கூட்டினால் வாரத்துக்கு நாற்பத்திரண்டரை மணி. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஒரு தொழிலாளிக்கு வாரத்தில் 48 மணி என்று வரம்பு கட்டியது. அதை ஏறக்குறைய எட்டிவிட்ட பிறகும் அவள் பகுதி நேரக்காரியாகவே இருந்தாள்! இவற்றோடு சமையல், துவைத்தல், பெருக்கல், கடைகண்ணி ஆகிய வீட்டு வேலை 38 மணி. குழந்தையைப் பேணுதல் 16 மணி. ஆக மொத்தம் தொண்ணூற்றாறரை மணி. எஞ்சியது நாளொன்றுக்குப் பத்து மணிக்குச் சற்று மேல். அதுவும் கால் மணி, அரை மணியாகச் சிதறிக் கிடந்த நேரம். தொடர்ந்த உறக்கம் எந்த நாளும் ஐந்தரை மணியைத் தாண்டவில்லை.

இது ஓர் இளம்பெண்ணின் தனிக்கதை அன்று. மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டை ஆராய்ந்தது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும், அவ்வாறு ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்று அது கண்டது. 2019-இல் எடுத்த கணக்கில் இவை 299, 97 ஆக இருந்தன. எங்கள் இளையவளின் வீட்டு வேலை நாளொன்றுக்கு 326 நிமிடம். நாட்டின் சராசரியை அவள் தாண்டியிருந்தாள் என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

நோட்டுப் புத்தகத்தை அவள் கணவரிடம் காட்டினாள். அவர் சோம்பேறியல்லர்; அலுவலகமும் பயணமுமாக வாரத்தில் அறுபது மணிக்கு மேல் உழைப்பவர். இரண்டு முறை படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "இதெல்லாம் எனக்குத் தெரியாதே" என்றார். "எனக்கும் தெரியாது. எழுதிய பிறகுதான் தெரிந்தது" என்று அவள் விடையளித்தாள். நேயர்களே, குடும்பங்களில் நேரும் மனத்தாங்கல்களுள் பாதி, ஒருவர் பாடு மற்றவருக்குத் தெரியாமையால் நேர்வதே என்பது எங்கள் கருத்து. மறுநாள் முதல் காலையில் குழந்தையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவதும், இரவில் பாத்திரம் துலக்குவதும் அவர் பங்காயின. முதல் மூன்று நாள் குழந்தையின் பின்னல் பள்ளி சேருமுன்பே அவிழ்ந்துவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இப்போது நன்றாகவே பின்னுகிறார்.

இன்னொரு செய்தியும் உண்டு. தென்காசியிலிருந்து மாமியார் அடிக்கடி பேசுவார். "இத்தனை பாடு எதற்கு, அம்மா? எல்லாவற்றையும் விட்டுவிடேன்" என்பார்; அன்பினால் சொல்லுவதுதான். "சரி, அத்தை" என்று இவள் சொல்லி வைப்பாள். அந்த அம்மையாரின் சர்க்கரை நோய்க்கு மாதந்தோறும் அனுப்பிய மருந்துச் செலவு இந்த மாவிலிருந்தே போயிற்று என்பதை அவள் சொன்னதில்லை. நோட்டுப் புத்தகம் பார்த்த வாரத்தில் மகனே அதைத் தாயாரிடம் சொன்னார். அதன் பிறகு அவர், "விட்டுவிடு" என்று சொல்லுவதில்லை, "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறார்.

அடுத்தது கடை வேலை. இரவு எட்டு மணிக்கு மேல் அழைக்கலாகாது, மாதம் இரண்டு நாளாவது ஊதியத்தோடு விடுப்பு வேண்டும் என்று அவள் பணிவாகக் கேட்டாள். கடைக்காரர் இணங்கவில்லை. அவள் விலகிக்கொண்டாள். பிடித்துக்கொண்ட 2,500 ரூபாய் இன்று வரை வரவில்லை. இப்படிச் செய்வது எல்லாராலும் இயலும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். அவளுக்கும் அது எளிதாக இல்லை.

மாவு வியாபாரத்தை மூவரும் ஒன்றாக்கினோம். இதற்கு எங்களுக்கு வழிகாட்டியது பழைய செய்தி ஒன்று. 1959-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் மும்பையின் கிர்காவில் ஏழு பெண்மணிகள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுவே லிஜ்ஜத் அப்பளமாக நாடெங்கும் பரவியது. பிசைந்த மாவை வீட்டுக்கு எடுத்துச் சென்று, இட்டு, உலர்த்தி, திரும்பக் கொண்டுவந்து கொடுத்து, அளவுக்கேற்ற கூலி பெறும் முறை அது. உறுப்பினர் ஒவ்வொருவரும் நிறுவனத்தில் பங்குடையவர். வீட்டில் இருந்தபடியே செய்த வேலைதான்; ஆனால் நிறுத்து, எண்ணி, எழுதிச் செய்த வேலை. நாங்கள் அப்படி ஒன்றும் பெரிதாக வளரப்போவதில்லை. எனினும் மூன்று வீட்டில் நாள்தோறும் ஓடிய கிரைண்டர் இப்போது ஒரு வீட்டில் வாரத்துக்கு மூன்று நாளே ஓடுகிறது. வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, கையால் கலந்து, மூடிய பெட்டிக்குள் வெந்நீர்க் கிண்ணத்தோடு வைத்துவிடுகிறோம்; குளிரிலும் பொங்கிவிடுகிறது. மாலை ஐந்திலிருந்து ஆறு மணிக்குள் வேண்டுவோரே வந்து வாங்கிக்கொள்ளுகிறார்கள். சிறு அளவில் உணவு விற்பவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம். ஆதலால் அதையும் முறைப்படி செய்துகொண்டோம்.

முடிவாக இளையவளின் கணக்கு என்ன? அவள் பங்குக்கு அதே 20 கிலோ மாவு, கிலோ 90 ரூபாய் வீதம். செலவு போக மாதம் 4,480 ரூபாய். மாலைப் பிள்ளைகள் எட்டுப் பேர், 6,400 ரூபாய். மொத்தம் 10,880. முன்பு 13,680. ஆக, 2,800 ரூபாய் குறைந்தது. ஆனால் நாற்பத்திரண்டரை மணி நேர வேலை பதினேழு மணியாயிற்று. குறைந்த பணத்தால் அந்த ஆண்டு கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போக முடியவில்லை. குழந்தை பாட்டியைக் காண மறு ஆண்டு வரை காத்திருந்தது. இதையும் சொல்லாமல் விட்டால் எங்கள் கணக்கு நேர்மையான கணக்காகாது. மீண்ட நேரத்தில் அவள் முதலில் செய்தது என்ன என்று கேட்பீர்களானால், உறங்கினாள். பின்னரே கணக்காளர் தேர்வுக்கான புத்தகத்தை எடுத்தாள்.

இங்கே சட்டச் செய்தி ஒன்று. ஓர் இந்துப் பெண் தன் திறமையாலும் முயற்சியாலும் ஈட்டிய பொருள், அசையும் பொருளாயினும் அசையாப் பொருளாயினும், முழுமையாக அவளுக்கே உரியது என்று 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு தெளிவாகக் கூறுகிறது. மாவு விற்ற பணமும் அத்தகையதே. அதைக் குடும்பத்துக்குச் செலவிடுவது அவள் மனமுவந்து செய்வது. ஆகவே அவள் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்று இருப்பதும், வரவு அதில் ஏறுவதும் யார் மீதும் உள்ள ஐயத்தின் அடையாளம் அல்ல.

முதுமைக்கும் ஒரு வழி உண்டு. மாதம் 15,000 ரூபாய்க்கு மேற்படாத வருவாயுடைய அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கென 2019-இல் பிரதம மந்திரி சிரம் யோகி மான்தன் என்னும் ஓய்வூதியத் திட்டம் தொடங்கப்பட்டது. 18 முதல் 40 வயதுக்குள் சேர வேண்டும். 29 வயதில் சேருபவர் மாதம் 100 ரூபாய் செலுத்தினால் அரசும் 100 ரூபாய் செலுத்தும். 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். 2021-இல் தொடங்கிய இ-சிரம் பதிவேட்டில், வீட்டிலிருந்து தொழில் செய்வோரும் வீட்டு வேலை செய்வோரும் தம்மைப் பதிந்துகொள்ளலாம். எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் இவை பொருந்தும் என்பதால், ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இவை பெரிதும் பயன்படும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விதிப்படி, பொருளீட்டும் பணி பகுதி நேரமாயினும் வேலையே. அப்படியிருந்தும், கணக்கெடுக்க வந்தவர் "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டபோது, நம்மில் எத்தனை பேர் "ஒன்றுமில்லை, வீட்டில் சும்மா இருக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினோம்! நாமே சொல்லாததை நாடு எங்ஙனம் எழுதும்? அடுத்த முறை வாயிலில் அக்கேள்வி எழும்போது, மாவு அரைப்பவள் மாவு அரைக்கிறேன் என்றும், பாட்டுச் சொல்லித் தருபவள் பாட்டுச் சொல்லித் தருகிறேன் என்றும், நாலு வீட்டில் பாத்திரம் துலக்குபவள் அதையும் கூசாமல் சொல்ல வேண்டும்.

மும்பையிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் எங்களைப் போன்ற சகோதரிகள் பலர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு வாரமும் போதும். எழுதிப் பாருங்கள், கூட்டிப் பாருங்கள், வீட்டாரிடம் காட்டுங்கள். ஊரில் விட்டுவந்த பாட்டிக்கும் அத்தைக்கும் ஈடாக, அடுத்த கதவைத் தட்டி ஒரு அக்காளைத் தேடிக்கொள்ளுங்கள்.

மணி ஐந்தாகப் போகிறது. மாவு வாங்க ஆட்கள் வரும் நேரம்.